வாயில் அரிதாக வரும் நரம்புக் கட்டிகள்: எந்தச் செல்லிலிருந்து முளைத்தன என்று கண்டறிவது எப்படி?

நாக்கின் மேற்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஒரு முண்டு. வலி இல்லை, புண் இல்லை, பல மாதங்களாக அப்படியே இருக்கிறது. வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் 'நரம்பு சார்ந்த சாதாரணக் கட்டி' என்று ரிப்போர்ட் வருகிறது. இந்த ஒரு வரி போதாது. நரம்பு என்பது ஒரே வகைச் செல் அல்ல, பல வகைச் செல்கள் நடத்தும் கூட்டுக் குடித்தனம். அதில் யார் வீட்டுப் பிள்ளை தடம் மாறியது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்பது இருக்கிறது.

பல் பிடுங்கிய இடத்தில் அறுந்த நரம்பு முளைவிட்டு உண்டான முண்டு என்றால், எடுத்ததோடு கதை முடிந்தது. அதே அளவு முண்டு ஒரு குழந்தையின் நாக்கு நுனியில் பிறவி மரபணு மாற்றத்தால் வந்திருந்தால், அந்தக் குழந்தையின் தைராய்டில் புற்றுநோய் ஏற்கெனவே தொடங்கியிருக்கக்கூடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பல் மருத்துவம், நோயியல் படிக்கும் முதுநிலை மாணவர்களையும் ஆய்வகத் தொழில்நுட்பர்களையும் மனதில் வைத்து எழுதிய வழிகாட்டி இது. கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு புரியாமல் இருப்பவர்களும் பின்தொடர முடியும்.

படி 1: நரம்புக்குள் யார் யார் இருக்கிறார்கள்

வாழை மரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் தண்டும் அதைச் சுற்றி மட்டை மட்டையாக உறைகளும் தெரியும். நரம்பின் குறுக்குவெட்டும் ஏறத்தாழ அப்படித்தான்.

நடுவில் ஆக்சான்கள். இவை நரம்புச் செல்லின் நீட்சிகள். செல்லின் உடல் மூளையிலோ நரம்பு முடிச்சிலோ தொலைவில் இருக்கிறது. அதனால் வாயில் வரும் கட்டிக்குள் ஆக்சான் இருக்கலாம், ஆனால் கட்டியாகப் பெருகுவது ஆக்சான் அல்ல. ஆக்சானைச் சுற்றியிருப்பவை ஷ்வான் செல்கள். மயலின் உறை உள்ள இடத்தில் ஒரு ஷ்வான் செல் ஒரே ஆக்சானைச் சுற்றும். மெல்லிய நரம்பிழைகளில் ஒரே ஷ்வான் செல் பல ஆக்சான்களை அணைத்துக்கொள்ளும். இவற்றுக்கு இடையே நார்ச்செல்களும் மாஸ்ட் செல்களும் சிதறிக் கிடக்கும். ஒரு கற்றை முழுவதையும் சுற்றி இறுக்கமான சுவர்போல நிற்பது பெரிநியூரியம். அதற்கும் வெளியே கொழுப்பும் ரத்தக்குழாயும் கலந்த எபிநியூரியம்.

இந்த ஒவ்வொன்றுக்கும் ஆய்வகத்தில் தனித்தனி அடையாளம் உண்டு, அதாவது சாயம் ஏற்றிக் கண்டறியும் புரதம். ஷ்வான் செல்லுக்கு எஸ்-100, சாக்ஸ்-10. ஆக்சானுக்கு நியூரோஃபிலமென்ட். பெரிநியூரியச் செல்லுக்கு இ.எம்.ஏ., கிளாடின்-1, குளூட்-1. நரம்புக்குள் உள்ள நார்ச்செல் வகைகளுக்கு சிடி-34. இந்த நான்கு வரிசையையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். கீழே வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

படி 2: கருவில் இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்

கருவில் முதுகுப் பக்கம் நரம்புக் குழாய் மூடிக்கொள்ளும்போது அதன் விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் செல்கள் பிரிந்து பயணம் போகின்றன. இதுதான் நரம்பு முகடு. வில்ஹெல்ம் ஹிஸ் 1868இல் கோழிக் கருவில் இதை விவரித்தார். மனிதக் கருவில் நான்காவது வார வாக்கில் தலைப்பகுதி முகட்டுச் செல்கள் முகத்துக்கும் தாடைக்கும் இறங்குகின்றன. உடலின் மற்ற இடங்களில் இவை பெரும்பாலும் நரம்பு, நிறமிச் செல் என்று போய்விடும். முகத்திலோ எலும்பு, குருத்தெலும்பு, பல்லின் டென்டின், பல்கூழ் வரை இவைதான் செய்கின்றன. ஒரே தாயின் பிள்ளைகள் நரம்பு உறையாகவும் நிறமியாகவும் பல்லாகவும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் இடம் வாய். நரம்பும் நிறமியும், அல்லது நரம்பும் குருத்தெலும்பும் கலந்த விசித்திரக் கட்டிகள் இங்கே வருவதற்கு அதுதான் காரணம்.

பயணம் முடிந்த பிறகும் எல்லாம் இறுகிவிடுவதில்லை. ஷ்வான் முன்னோடிச் செல்கள் நரம்பு வழியே ஊர்ந்து போய் வேறு வேலைக்கு மாறக்கூடியவை. தோலின் நிறமிச் செல்களில் ஒரு பகுதி இப்படி நரம்பு வழியே வந்தவை என்று 2009இல் காட்டினார்கள். சுண்டெலியின் வெட்டுப்பல்லுக்குள் பல்கூழ்ச் செல்களில் ஒரு பகுதியும் நரம்போடு வந்த இந்தக் குடும்பத்திலிருந்துதான் உருவாகிறது என்று 2014இல் தெரிந்தது.

இங்கேயே ஓர் எச்சரிக்கை. சாயம் காட்டுவது செல்லின் இன்றைய முகத்தை. அது பிறந்த ஊரை அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால்தான் இந்தத் துறையில் பல பெயர்கள் பல ஆண்டுகள் தவறாக ஒட்டிக்கொண்டிருந்தன.

படி 3: திசுவை எடுப்பது

பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்லைடில் அல்ல.

ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் முண்டை முழுதாக எடுத்துவிடுங்கள். பெரியதாக இருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், ஆழமாக, நாக்கின் தசை தெரியும் வரை எடுங்கள். மேல்தோலை மட்டும் சுரண்டி எடுத்த துண்டால் என்ன விபரீதம் வரும் என்பதை கிரானுலர் செல் கட்டி பற்றிச் சொல்லும்போது பார்ப்போம். மரப்பு ஊசியைக் கட்டிக்குள் போடக்கூடாது, சற்றுத் தள்ளிப் போட வேண்டும். உள்ளே போட்டால் திரவம் புகுந்து செல்கள் விலகி, இல்லாத நீர்க்கோர்வை இருப்பதுபோல் தெரியும். ஃபோர்செப்ஸால் நசுக்கினால் சுழல்வடிவச் செல்கள் கோடுகோடாக இழுபட்டு அடையாளமே போய்விடும். ஓரத்தில் ஒரு தையல் போட்டு அதைப் பிடித்துத் தூக்குவது நல்லது. எந்தப் பக்கம் மேல் என்பதற்கும் அதுவே அடையாளம். டயத்தர்மியோ (மின்சூட்டுக் கத்தி) லேசரோ வைத்து வெட்டினால் விளிம்பு வெந்துபோகும். சிறு துண்டில் விளிம்பு போனால் எல்லாம் போனது.

கத்தி வைக்கும் முன் சில கேள்விகள். இந்த இடத்தில் பல் பிடுங்கியதுண்டா, அடிபட்டதுண்டா? தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் உண்டா? பருவமடையும் முன் 5 மில்லிமீட்டருக்கும், பிறகு 15 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் முதல் வகை நியூரோஃபைப்ரோமட்டோசிஸை (என்.எஃப்-1 என்ற பிறவி மரபணு நோய்) நினைக்க வேண்டும். நாக்கிலும் உதட்டிலும் முண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டவையா? பலவாக இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் முன் அட்ரீனல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா (ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன் சுரக்கும் கட்டி) இல்லை என்று மெட்டாநெஃப்ரின் பரிசோதனையால் உறுதிசெய்யுங்கள். அது மறைந்திருக்கும்போது மயக்கம் கொடுத்தால் ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறலாம்.

படி 4: ஃபார்மலினும் பிளாக்கும்

துண்டின் அளவைப்போல் பத்து மடங்கு 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின் வேண்டும். ஒரு லிட்டர் தயாரிக்க: கடையில் கிடைக்கும் செறிவான ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சி வடித்த நீர் 900 மில்லி, மோனோசோடியம் பாஸ்பேட் 4 கிராம், நீரற்ற டைசோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். பாஸ்பேட் சேர்க்காத ஃபார்மலின் அமிலமாகி, ரத்தத்தோடு சேர்ந்து பழுப்புக் கறுப்பான படிவை உண்டாக்கும். நிறமியுள்ள கட்டியைத் தேடும்போது இந்தப் படிவை மெலனின் என்று எண்ணி ஏமாறுவார்கள்.

ஃபார்மலின் திசுவுக்குள் மெதுவாகத்தான் நுழையும். துண்டு தடிமனாக இருந்தால் 3–4 மில்லிமீட்டர் சீவலாக வெட்டிப் போடுங்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு நாள் ஊறட்டும். வாரக்கணக்கில் ஊறவிட்டால் புரத அடையாளங்கள் மங்கும், டி.என்.ஏ. துண்டு துண்டாகும்.

தாடை எலும்போடு வந்த துண்டை மென்மையாக்க நைட்ரிக் அமிலம் போன்ற வலுவான அமிலம் வேண்டாம். வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பிறகு மரபணுப் பரிசோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. இ.டி.டி.ஏ. கரைசலில் நாட்கணக்கில் வைத்துப் பொறுமையாகச் செய்யுங்கள். அதைவிட நல்ல வழி, எலும்பு ஒட்டாத மென்திசுவைத் தனியே பிரித்து வேறு பிளாக்காக (மெழுகில் பதித்த திசுக்கட்டி) வைத்துக்கொள்வது.

படி 5: முதலில் சாதாரண எச்-அண்ட்-இ (ஹிமடாக்சிலின்-இயோசின் சாயம்) ஸ்லைடு

ஐ.எச்.சி. (படி 1இல் சொன்ன அடையாளங்களை எதிர்ப்பொருளால் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) வேண்டும் என்று உடனே எழுதிவிடாதீர்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் முழு ஸ்லைடையும் ஒரு முறை சுற்றுங்கள். கட்டிக்குத் தெளிவான எல்லைச் சுவர் இருக்கிறதா, தசைக்குள் கைவிட்டு ஊடுருவுகிறதா? பக்கத்தில் நரம்பு இருக்கிறதா, அது கட்டிக்குள் நுழைகிறதா, ஓரமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா? மேல்தோல் எப்படி இருக்கிறது?

வாயில் இயல்பாகவே இருந்து ஏமாற்றும் அமைப்புகள் இரண்டு. நாக்கின் பின்பக்க ஓரத்தில் சுவை மொட்டுகளுக்குக் கீழே நரம்பிழைகள் அடர்ந்த ஒரு தகடு உண்டு. துண்டு அங்கிருந்து வந்திருந்தால் அதை நியூரோஃபைப்ரோமா (பல வகை நரம்புச் செல்கள் கலந்த கட்டி, கீழே வருகிறது) என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். மேலே சுவை மொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, கீழ்த்தாடையின் உட்பக்கம் டெரிகாய்டு தசை அருகே இருக்கும் கீவிட்ஸ் உறுப்பு. நரம்புகளுக்கு நடுவே சின்னச் சின்ன எபிதீலியச் செல் கூட்டங்களாக இருக்கும். புற்றுநோய் நரம்பைச் சுற்றிப் பரவியிருப்பதாகப் படித்து, தேவையில்லாமல் தாடையை வெட்டும் நிலைக்கு இது கொண்டுபோகும்.

படி 6: ஐ.எச்.சி.யை நம்புவதும் நம்பாததும்

3–4 மைக்ரான் வெட்டு, ஒட்டும் தன்மை ஏற்றிய ஸ்லைடு, சிட்ரேட் பி.எச். 6 அல்லது ட்ரிஸ்-இ.டி.டி.ஏ. பி.எச். 9 கரைசலில் சூடாக்கி ஆன்டிஜென் மீட்பு. இதெல்லாம் எல்லா ஆய்வகத்திலும் நடப்பதுதான். பலர் பார்க்க மறப்பது அதே ஸ்லைடில் இருக்கும் இயற்கையான சாட்சிகளை. எஸ்-100 போட்டால் அருகிலுள்ள சிறு நரம்பும் கொழுப்புச் செல்லும் நிறம் ஏற வேண்டும். சாக்ஸ்-10 போட்டால் உமிழ்நீர்ச் சுரப்பியின் உட்கருக்கள். குளூட்-1 போட்டால் சிவப்பணுக்கள். இ.எம்.ஏ. போட்டால் சுரப்பிக் குழாய்கள். இவை ஏறாத ஸ்லைடில் கட்டி 'நெகட்டிவ்' என்று எழுதக்கூடாது. சாயம் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

இ.எம்.ஏ. தனிச் சிக்கல். பெரிநியூரியச் செல்லின் கைகள் நூல்போல மெல்லியவை. நிறம் வெளிறித்தான் இருக்கும். 40 எக்ஸ் லென்ஸில் பார்க்காமல் நெகட்டிவ் என்று தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கிளாடின்-1ஐயும் சேர்த்துப் போடுங்கள்.

எஸ்-100 என்ற பெயர் அது 100 சதவீதம் நிறைவுற்ற அம்மோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்ததால் வந்தது. 1965இல் மூளைத் திசுவிலிருந்து பிரித்தார்கள். அதனால் அது நரம்புக்கே உரியது என்ற எண்ணம் பரவியது. உண்மையில் நிறமிச் செல், லாங்கர்ஹான்ஸ் செல், கொழுப்பு, குருத்தெலும்பு, உமிழ்நீர்ச் சுரப்பியின் மயோஎபிதீலியச் செல் எல்லாவற்றிலும் அது ஏறும். அண்ணத்தில் ஒரு கட்டி எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டிலும் பாசிட்டிவ் என்றால் நரம்பு என்று முடிவு கட்டும் முன் கெரட்டினும் பி-63உம் போட்டுப் பாருங்கள். பல நேரம் அது மயோஎபிதீலியோமா (உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி). சுழல்வடிவச் செல்கள் பார்க்க மோசமாக இருந்து, எஸ்-100 கட்டி முழுக்க அடர்த்தியாக ஏறினால், நரம்பு உறைப் புற்றுநோயைவிட மெலனோமாவையே (நிறமிச் செல் புற்றுநோய்) முதலில் சந்தேகிக்க வேண்டும். நரம்பு உறைப் புற்றுநோயில் எஸ்-100 திட்டுத் திட்டாகவோ இல்லாமலோதான் இருக்கும்.

கிரானுலர் செல் கட்டி: தசை என்று நினைத்தது ஷ்வான் செல்லானது

இதைச் சற்று நீட்டிச் சொல்கிறேன். இந்தத் தேடலின் எல்லாத் திருப்பங்களும் இந்த ஒரு கட்டியில் இருக்கின்றன.

1926இல் ரஷ்ய நோயியலாளர் அப்ரிகோசாஃப் நாக்கிலிருந்து எடுத்த கட்டிகளை விவரித்தார். பெரிய பலகோணச் செல்கள், உள்ளே இளஞ்சிவப்புத் துகள்கள் நிரம்பி வழிகின்றன, நாக்கின் தசைநார்களுக்கு நடுவே புகுந்து கிடக்கின்றன. தசையோடு இப்படிப் பின்னிக் கிடப்பதால் தசையிலிருந்து வந்தது என்று நினைத்து 'மயோபிளாஸ்டோமா' என்றார்கள். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் நிலைத்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு துகள்கள் லைசோசோம்கள் (செல்லின் செரிமானப் பைகள்) என்று தெரிந்தது. பிறகு எஸ்-100 ஏறியது, சாக்ஸ்-10 ஏறியது. தசைக்குரிய டெஸ்மின் ஏறவில்லை. பக்கத்தில் குடியிருப்பதால் மட்டும் உறவாகிவிடாது.

இன்னொரு பொறி சிடி-68. இது மேக்ரோஃபேஜ் செல்லின் அடையாளம் என்று பாடத்தில் படித்திருப்போம். இந்தக் கட்டியில் அது பளிச்சென்று ஏறும். காரணம், சிடி-68 லைசோசோமின் அடையாளம். லைசோசோம் நிறைந்த எந்தச் செல்லிலும் ஏறும். வம்சத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இன்ஹிபின், கால்ரெட்டினின் இரண்டும்கூட இந்தக் கட்டியில் ஏறுவது வழக்கம். துகள்கள் பி.ஏ.எஸ். சாயத்தில் ஏறும், டயஸ்டேஸ் போட்டாலும் கரையாது.

ஷ்வான் செல்லில் ஏன் இத்தனை லைசோசோம்? 2018இல் விடை கிடைத்தது. ஏறக்குறைய 70 சதவீதக் கட்டிகளில் ஏடிபி6ஏபி1, ஏடிபி6ஏபி2 என்ற மரபணுக்களில் ஒன்று செயலிழந்திருந்தது. லைசோசோமுக்குள் அமிலத்தை ஏற்றும் புரோட்டான் பம்பின் உதிரிப்பாகங்கள் இவை. பம்ப் ஓடாவிட்டால் உள்ளே அமிலம் சேராது. அமிலம் இல்லாவிட்டால் செரிமான நொதிகள் வேலை செய்யாது. செரிக்காதது எல்லாம் துகளாகக் குவிகிறது. ஆய்வகத்தில் வளர்த்த ஷ்வான் செல்களில் இந்த மரபணுக்களை அணைத்தபோது அதேபோல் துகள்கள் உருவாகின. சாயம் சந்தேகத்தைக் கிளப்பியது, மரபணு காரணத்தைக் காட்டியது, செல் வளர்ப்பு அதை மெய்ப்பித்தது. ஒரு கட்டியின் பிறப்பிடத்தை நிறுவுவதென்றால் இந்த அளவுக்குப் போக வேண்டும்.

இனி ஆபத்தான பகுதி. இந்தக் கட்டிக்கு மேலே உள்ள எபிதீலியம் பல நேரம் கீழ்நோக்கி வேர்விட்டு வளரும். கெரட்டின் முத்துகள்கூட இருக்கும். மேலாக எடுத்த துண்டில் இந்த வேர்கள் மட்டும் வந்தால் அப்படியே செதிள் செல் புற்றுநோய் மாதிரி இருக்கும். நாக்கையே வெட்டியெடுக்கும் அறுவைக்கு ஒருவரைத் தேவையில்லாமல் அனுப்பும் தவறு இது. நாக்கின் மேற்பரப்பின் நடுப்பகுதி, எபிதீலியச் செல்களில் உருக்குலைவு இல்லை, கீழ்த்திசு போதவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் ஆழமான துண்டு கேளுங்கள். கையில் இருக்கும் பிளாக்கை இன்னும் ஆழத்தில் வெட்டி எஸ்-100 போட்டாலே பல நேரம் வேர்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும் துகள்செல்கள் வெளிப்பட்டுவிடும்.

கெட்ட வகை மிக அரிது. 1998இல் ஃபான்பர்க்-ஸ்மித் குழு தந்த ஆறு அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன: திசு அழிவு, செல்கள் சுழல்வடிவமாவது, பெரிய நியூக்ளியோலஸோடு வெளிறிய உட்கரு, கூடுதல் செல் பிளவு, உட்கரு–சைட்டோபிளாசம் விகித உயர்வு, பல்வேறு உருவம். மூன்று இருந்தால் கெட்டது. ஒன்றோ இரண்டோ என்றால் இடைப்பட்டது.

பிறந்த குழந்தையின் மேல் ஈறில் தொங்கும் பிறவி எப்யூலிஸ் இதைப்போலவே துகள்செல்களால் ஆனது. 1871இல் நியூமன் விவரித்தது. பெண் குழந்தைகளுக்கே பெரும்பாலும் வரும். இதில் எஸ்-100 ஏறாது. உருவம் ஒன்றுதான், ஆனால் இது ஷ்வான் குடும்பம் இல்லை. தானாகவே சுருங்குவதும் உண்டு.

ஷ்வானோமாவும் நியூரோஃபைப்ரோமாவும்

இரண்டிலும் தடம் மாறுவது ஷ்வான் செல்தான். வேறுபாடு, யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதில்.

ஷ்வானோமாவில் ஷ்வான் செல் ஒன்றே பெருகும். உறைக்குள் உருண்டையாக இருந்து, தாய் நரம்பை ஓரமாகத் தள்ளும். நியூரோஃபிலமென்ட் போட்டால் ஆக்சான்கள் விளிம்பில் மட்டும் தெரியும். உட்கருக்கள் இரண்டு வரிசையாக நின்று நடுவில் செல்லற்ற இடைவெளி விடும் வெரோகே உருக்களை 1910இல் ஜோசே வெரோகே விவரித்தார். அடர்ந்த பகுதி, தளர்ந்த பகுதி என்ற ஏ, பி பிரிவு நில்ஸ் அன்டோனி 1920இல் தந்தது. 22ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்-2 மரபணு கெட்டு, மெர்லின் என்ற புரதம் இல்லாமல் போவதே பெரும்பாலும் காரணம். வாயில் நாக்குதான் அதிகம் காணும் இடம். உறை இருப்பதால் நரம்பைக் காப்பாற்றிக் கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடியும்.

நியூரோஃபைப்ரோமா கலவை. ஷ்வான் செல், நார்ச்செல், பெரிநியூரியம் போன்ற செல், மாஸ்ட் செல், நடுவே ஊடுருவிப்போகும் ஆக்சான்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். இத்தனை பேரில் 17ஆம் குரோமோசோமிலுள்ள என்.எஃப்-1 மரபணுவின் இரண்டு பிரதிகளையும் இழந்தவை ஷ்வான் செல்கள் மட்டுமே. 2002இல் சுண்டெலிகளில் காட்டியது இன்னும் நுட்பமானது: ஷ்வான் செல் இரண்டு பிரதியையும் இழந்தால் மட்டும் போதவில்லை, சுற்றியுள்ள செல்கள் ஒரு பிரதியை இழந்திருந்தபோதுதான் கட்டி முழுதாக வளர்ந்தது. மாஸ்ட் செல்களை வெறும் வேடிக்கை பார்ப்பவை என்று ஒதுக்கிவிட முடியாது.

நடைமுறையில் இதன் பொருள்: நியூரோஃபைப்ரோமாத் திசுவில் மரபணுப் பரிசோதனை செய்தால் கெட்ட பிரதி மற்ற செல்களால் நீர்த்துப்போய் 'ஒன்றும் இல்லை' என்று வரலாம். பின்னல் வடிவ நியூரோஃபைப்ரோமா நாக்கிலோ கன்னத்திலோ இருந்தால் என்.எஃப்-1 நோயைத் தேடியே ஆக வேண்டும். அது பின்னாளில் புற்றுநோயாக மாறும் சாத்தியம் உண்டு. வலி தொடங்கினாலோ வேகமாகப் பெருத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அறுவையால் முழுதாக எடுக்க முடியாத பின்னல் கட்டிகளுக்கு செலுமெடினிப் என்ற மருந்து அமெரிக்காவில் 2020இல் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது.

நியூரோமாக்கள்: இங்கேதான் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியும்

அடிபட்ட நியூரோமா கட்டியே அல்ல. அறுந்த நரம்பு மீண்டும் வளரப் பார்க்கிறது. ஷ்வான் செல்கள் வழிகாட்டிகளாக முன்னே போகின்றன, ஆக்சான்கள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் பின்தொடர்கின்றன. எதிரே தழும்பு இருந்தால் வழி தெரியாமல் சுருண்டு முண்டாகிவிடும். கீழ்த்தாடையின் மென்டல் துளைப் பக்கம் பொய்ப்பல் அழுத்தும் இடத்தில் வலிக்கிறது என்று வருவார்கள். ஸ்லைடில் சிறு நரம்புக் கற்றைகள், ஒவ்வொன்றையும் சுற்றிப் பெரிநியூரியம், நடுவே தழும்பு. ஆக்சான்கள் ஏராளம்.

1972இல் ரீட், ஃபைன், மெல்ட்சர் விவரித்த வரிசைநியூரோமா (பாலிசேடட் என்கேப்சுலேட்டட் நியூரோமா) அண்ணத்திலும் மேலுதட்டிலும் தனியாக வரும். பெரும்பகுதி ஷ்வான் செல், கூடவே ஆக்சான்கள், சுற்றி முழுமையில்லாத பெரிநியூரியச் சுவர். எடுத்தால் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். நாக்கு நுனியிலும் ஓரத்திலும், உதட்டிலும், வாயின் இரு மூலைகளிலும் பல முண்டுகள். உதடு தடித்திருக்கும். இமை விளிம்பிலும் முண்டு இருக்கலாம். உடம்பு ஒல்லி, கை கால் நீளம். ஸ்லைடில் வளைந்து நெளிந்த நரம்புக் கற்றைகள், பெரிநியூரியம் தடித்திருக்கும், கூட்டுக்குப் பொதுவான உறை இல்லை. இது எம்.இ.என். 2பி நோய் (பல நாளமில்லாச் சுரப்பிகளில் கட்டி வரும் பிறவி மரபணு நோய்). 10ஆம் குரோமோசோமிலுள்ள ரெட் மரபணுவில் 918ஆம் இடத்தில் மெத்தியோனைனுக்குப் பதில் திரியோனைன் வந்துவிடுகிறது. 1994இல் கண்டறியப்பட்டது. ரெட் என்பது நரம்பு முகட்டுச் செல்களின் வளர்ச்சிக்கான சுவிட்ச். அது எப்போதும் எரிந்தபடியே இருக்கிறது. நரம்புகள் தடிக்கின்றன, குடல் சுவரின் நரம்பு முடிச்சுகளும் தடிக்கின்றன.

தைராய்டின் சி-செல்களிலும் (கால்சிட்டோனின் ஹார்மோனைச் சுரப்பவை) இதே சுவிட்ச் எரிவதால் மெடுல்லரி புற்றுநோய் வருகிறது, அதுவும் குழந்தைப் பருவத்திலேயே. அதனால்தான் இந்த மாற்றம் உறுதியான குழந்தைக்கு முதல் வயதிலேயே தைராய்டை எடுத்துவிடப் பரிந்துரைக்கிறார்கள். சி-செல்களும் நரம்பு முகட்டிலிருந்தே வருகின்றன என்று நெடுங்காலம் பாடம் நடத்தினோம். பறவைக் கருக்களில் செய்த சோதனைகள் அப்படிக் காட்டியிருந்தன. 2015இல் சுண்டெலியில் செல் வம்சத்தைத் தொடர்ந்தபோது அவை எண்டோடெர்மிலிருந்து (கருவின் உள் அடுக்கு) வருவதாகத் தெரிந்தது. ஒரே நோயில் வரும் கட்டிகள் எல்லாம் ஒரே தாய்ச்செல்லிலிருந்து வர வேண்டியதில்லை, ஒரே சுவிட்ச் போதும்.

பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரிடம் இந்த மாற்றம் இருக்காது. 'குடும்பத்தில் யாருக்கும் இல்லை' என்று கேட்டு நிம்மதியடைய வேண்டாம். அம்மாவிடம் கேட்க வேண்டியவை வேறு: குழந்தை அழும்போது கண்ணீர் வருகிறதா? பிறந்ததிலிருந்து மலச்சிக்கலா? கண்ணீர் வராத அழுகையும் தீராத மலச்சிக்கலும் முண்டுகளுக்கு முன்பே வரும் தடயங்கள்.

கைக்குழந்தையின் கறுப்புக் கட்டி

ஒரு வயதுக்குள், மேல்தாடையின் முன்பகுதியில், நீலக்கறுப்பாக வேகமாக வளர்ந்து பல்முளையைத் தள்ளும் கட்டி இது: மெலனாட்டிக் நியூரோஎக்டோடெர்மல் கட்டி. 1918இல் குரோம்பெகர் இதை மெலனோமா வகை என்று நினைத்தார். பிறகு பல்லிலிருந்து என்றார்கள், கண் விழித்திரையிலிருந்து என்றார்கள். 1966இல் போரெல்லோவும் கோர்லினும் ஒரு குழந்தையின் சிறுநீரில் வி.எம்.ஏ. (அட்ரினலின் வகை ஹார்மோன்கள் சிதைந்து வரும் பொருள்) கூடியிருந்ததைக் கண்டு நரம்பு முகட்டைச் சுட்டினார்கள். இரண்டு வகைச் செல்கள் இருக்கும்: சினாப்டோஃபைசின் (நரம்புச் செல் அடையாளம்) ஏறும் சிறு செல்கள், அவற்றைச் சுற்றி மெலனின் நிறைந்த பெரிய செல்கள். பெரிய செல்லில் கெரட்டினும் நிறமிச் செல் அடையாளமான எச்.எம்.பி-45உம் சேர்ந்தே ஏறுவது வேறெங்கும் எளிதில் காண முடியாத சேர்க்கை.

இங்கே ஐ.எச்.சி.யின் வழக்கமான பழுப்பு நிறம் மெலனினோடு கலந்து ஏமாற்றும். சிவப்பு நிறக் குரோமோஜென் பயன்படுத்துங்கள், அல்லது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் மெலனினை வெளுத்துவிட்டுப் பாருங்கள். சிறு செல்கள் மட்டும் வந்த துண்டை நியூரோபிளாஸ்டோமா என்று படித்துக் கீமோதெரபி தொடங்கிவிடும் ஆபத்து உண்டு. மறுபடி வருவது அரிதல்ல, பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக

நாக்கின் முன்பகுதியில் வழவழப்பான, குருத்தெலும்பு சாயலுள்ள முண்டு, ஜி.எஃப்.ஏ.பி. ஏறுகிறது என்றால் எக்டோமெசன்கைமல் காண்ட்ரோமிக்ஸாய்டு கட்டி. 1995இல் பெயர் வைத்தார்கள். 2018இல் பெரும்பாலானவற்றில் ஆர்.ஆர்.இ.பி-1 மரபணு எம்.கே.எல்-2 மரபணுவோடு ஒட்டியிருப்பது தெரிந்தது. பெயருக்கேற்ப நரம்பு முகட்டு வழிச் செல் என்பதே இப்போதைய கருத்து.

நியூரோதெகியோமா என்ற பெயரில் 'நியூரோ' இருக்கிறது. எஸ்-100 ஏறாது. அது நரம்பு உறையிலிருந்து வந்ததல்ல. எஸ்-100 ஏறும் நரம்பு உறை மிக்ஸோமா வேறு கட்டி. பழைய ரிப்போர்ட்டுகளில் இரண்டும் ஒரே பெயரில் கிடக்கும்.

படி 7: ரிப்போர்ட்டும் மரபணுப் பரிசோதனையும்

ரிப்போர்ட்டில் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: கட்டியின் பெயர், எந்தச் செல் வம்சத்தைக் காட்டுகிறது, எந்த அடையாளங்கள் ஏறின, ஏறவில்லை (உள் சாட்சி ஏறியதா என்பதோடு), விளிம்பில் கட்டி இருக்கிறதா. நரம்பு உறைப் புற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் எச்3கே27எம்இ3 அடையாளத்தைப் போட்டுப் பாருங்கள். அது முற்றிலும் மறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கும், இருந்தால் மட்டும் விலக்கிவிட முடியாது.

கட்டியில் மட்டும் நிகழ்ந்த மாற்றத்துக்கு பிளாக்கிலிருந்து சாயமேற்றாத வெட்டுகளை அனுப்புங்கள், கட்டிச் செல் அடர்ந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு. பிறவியிலேயே வந்த ரெட், என்.எஃப்-1, என்.எஃப்-2 மாற்றங்களுக்கு இ.டி.டி.ஏ. குழாயில் சில மில்லி ரத்தம் போதும். வாயில் பல நியூரோமாக்கள் உள்ள குழந்தை என்றால் ஐ.எச்.சி. முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றே ரத்தத்தை அனுப்பி, கால்சிட்டோனின் அளவையும் கழுத்து ஸ்கேனையும் கேட்டுவிடுங்கள்.